தேங்காய்த் துருவிக்கு ஒரு ஷாஃப்ட்: கோவைப் பட்டறைகளில் டர்னிங் வேலை கொடுத்து வாங்குவது எப்படி

லேத்தில் கடைந்து (அதுதான் டர்னிங்) வாங்கிய நாற்பது ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு, வந்து இறங்கிய அன்று நான் எடுத்த முதல் பேரிங்கே சரியாக உட்காரவில்லை. 6203 என்ற அளவுப் பேரிங், உள் டயா (விட்டம்) 17 மி.மீ. ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் அளந்தால் அளவு துல்லியமாக இருக்கிறது. பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால் பேரிங் ஏறுகிறது. ஆனால் கடைசியில், டயா பெரிதாகும் ஸ்டெப்பைத் தொடாமல் ஒரு தாள் நுழையும் இடைவெளியில் நின்றுவிடுகிறது. இன்னும் அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம். அதற்கு மேல் அழுத்த எனக்குத் தைரியம் இல்லை.

நான் பொள்ளாச்சியில் மோட்டார் வைத்த தேங்காய்த் துருவி செய்கிறேன். ஓட்டல்கள், கல்யாண மண்டபங்கள், சமையல் காண்ட்ராக்டர்கள்தான் வாடிக்கை. படித்தது பி.காம். எட்டு வருஷம் ஒரு கேட்டரிங் நிறுவனத்தில் கணக்கு எழுதிவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். லேத்தை முதன்முதலாகப் பக்கத்தில் நின்று பார்த்தபோது எனக்கு வயது முப்பத்தொன்று. ஆகவே இதை இன்ஜினியர்களுக்காக எழுதவில்லை. என்னைப் போல ஒரு பொருளை யோசித்து வைத்துக்கொண்டு, அதற்கு வேண்டிய நாலைந்து உலோகச் சாமான்களை யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பேரிங் ஏன் உட்காரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். சி.என்.சி.யில், அதாவது கணினி ஓட்டும் லேத்தில், வெட்டும் சின்னத் துண்டான இன்சர்ட்டின் முனை ஊசி போலக் கூராக இருக்காது, கொஞ்சம் உருண்டையாக இருக்கும். 0.4, 0.8, 1.2 மி.மீ. என்று அந்த உருண்டைக்கு அளவு உண்டு. 17 மி.மீ. பகுதி முடிந்து 20 மி.மீ. ஸ்டெப் தொடங்கும் மூலையில் அந்த உருண்டை அப்படியே பதியும். 6203 பேரிங்கின் ஓரத்து வளைவு குறைந்தபட்சம் 0.6 மி.மீ. பட்டறையில் மாட்டியிருந்தது 0.8 இன்சர்ட். மூலையில் உலோகம் நிற்கிறது, பேரிங் அதன் மேல் ஏறி நின்றுவிடுகிறது. டிராயிங்கில் மூலை வளைவு பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. பட்டறைக்காரர் எழுதியிருந்த அத்தனை அளவையும் சரியாகச் செய்து கொடுத்திருந்தார். தப்பு என்னுடையது.

நாற்பதையும் தூக்கிக்கொண்டு திரும்பப் போனேன். அந்தப் பெரியவர் ஒரு ஷாஃப்டைக் கையில் வாங்கி நகத்தால் மூலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பேரிங்க கொண்டாந்தீங்களா அம்மிணி?" என்று கேட்டார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மூலையில் மெல்லியதாக ஒரு காடி எடுத்துவிட்டால் பேரிங் போய் ஸ்டெப்பில் முட்டும் என்றார். அதற்கு 'அண்டர்கட்' என்று பெயர் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குத் தனிக் கூலி கொடுத்தேன். முதல் நாளே ஒரு பேரிங்கை அவர் மேஜையில் வைத்து, "இது இங்கே உட்காரணும்" என்று சொல்லியிருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும்.

எந்த அளவு உயிர், எந்த அளவு சும்மா

என் ஷாஃப்ட் 260 மி.மீ. நீளம், 25 மி.மீ. ராடிலிருந்து எடுப்பது. ஒரு முனையில் பிளேடு தலை மாட்டும் மரை. அடுத்து 25 மி.மீ. காலர். அதன் பின்னால் ஆயில் சீல் (கிரீஸ் வெளியே வராமலும் தண்ணீர் உள்ளே போகாமலும் தடுக்கும் வளையம்) ஓடும் 20 மி.மீ. பகுதி, அப்புறம் 17 மி.மீ. பேரிங் இடம், இன்னொரு பேரிங்குக்கு 15 மி.மீ. இடம், கடைசியில் புல்லிக்கு 14 மி.மீ. பகுதியும், புல்லி வழுக்காமல் பூட்டும் கீவே என்ற காடியும். எண்ணிப் பார்த்தால் இருபதுக்கு மேல் அளவுகள். என் முதல் டிராயிங்கில் எல்லாவற்றுக்கும் ±0.01 என்று போட்டிருந்தேன். துல்லியம் என்றால் அதுதான் என்று நினைப்பு.

அப்படிப் போட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, பட்டறைக்காரர் அதை நம்பி மூன்று மடங்கு விலை சொல்வார். இல்லையென்றால் "இந்தப் பொண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று முடிவு செய்து, போட்டிருக்கிற எதையுமே மதிக்காமல் ஓட்டிவிடுவார். இரண்டாவதுதான் அதிகம் நடக்கும்.

இப்போது நான் செய்வது இதுதான். சாமானைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அளவாக, "இது கால் மி.மீ. கூடவோ குறையவோ வந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொள்வேன். என் ஷாஃப்டில் ஒன்றும் ஆகாது என்பவைதான் பெரும்பாலானவை. மொத்த நீளம், காலரின் அகலம் எல்லாம் அப்படித்தான். அவற்றுக்கெல்லாம் சேர்த்து ஓரத்தில் "குறிப்பிடாத அளவுகளுக்கு ஐ.எஸ்.ஓ. 2768 மீடியம்" என்று ஒரே வரி. அதன்படி 6 முதல் 30 மி.மீ. வரையிலான அளவுக்கு ±0.2, 260 மி.மீ. நீளத்துக்கு ±0.5. எந்தப் பட்டறையும் இதற்கு முகம் சுளிக்காது.

மிஞ்சுவது இரண்டு பேரிங் இடங்களும் சீல் ஓடும் இடமும். இந்த மூன்றுக்கும் சிவப்புப் பேனாவில் கட்டம் போடுகிறேன். பேரிங் இடத்துக்கு நான் எழுதுவது கே6, எவ்வளவு இறுக்கம் என்பதைச் சொல்லும் குறியீடு. இந்த டயாவில் அதற்கு அர்த்தம், 17 மி.மீ.யைவிட 1 மைக்ரானிலிருந்து 12 மைக்ரான் வரை கூட இருக்கலாம் என்பது (மைக்ரான் என்றால் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சாதாரண தரப் பேரிங்கின் உள் டயா 17-லிருந்து 8 மைக்ரான் வரை குறைவாக இருக்கும். ஆகவே எப்படி வந்தாலும் பேரிங் கொஞ்சம் இறுக்கமாகவே ஏறும், ஷாஃப்டின் மேல் வழுக்கிச் சுற்றாது. கே6 என்று மட்டும் எழுதி விடாமல், பக்கத்திலேயே 17.001 – 17.012 என்று எண்ணாகவும் எழுதுங்கள். மெஷின் பக்கத்தில் நிற்கும் பையனிடம் அட்டவணை இருக்காது.

வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. "ரெண்டு பாயிண்ட் கூட இருக்குது" என்று ஒருவர் சொன்னால் அவருக்கு அது 0.02, இன்னொருவருக்கு 0.2. வயதான டர்னர்கள் 'தவ்' என்பார்கள். அது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.025 மி.மீ. 'நூல்' என்றால் அரைக்கால் அங்குலம். பைப் மரை வந்துவிட்டால் குழப்பம் இன்னும் கூடும். அரை இஞ்ச் பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் பைப் அளவு) மரையின் வெளி டயா 20.955 மி.மீ. அரை இஞ்ச் என்பது 12.7 தானே என்று வெர்னியரை வைத்துக்கொண்டு என் சொந்தக்காரர் ஒருவர் கடைக்காரரிடம் அரை மணி நேரம் சண்டை போட்டார்.

டிராயிங்கை வாட்ஸாப்பில் அனுப்பலாம், தப்பில்லை. ஆனால் மூலையில் தேதியும் திருத்த எண்ணும் பெரிதாக இருக்கட்டும். மூன்று மாதம் கழித்து "போன தடவை மாதிரியே" என்று போனில் சொன்னால், அவர் போனில் மேலே தள்ளிப் பார்த்து எது முதலில் கண்ணில் படுகிறதோ அதை ஓட்டுவார். எனக்கு அப்படிப் பழைய நீளத்தில் ஒரு லாட் வந்திருக்கிறது.

சீல் ஓடும் இடம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் எனக்கு அதிகப் பணம் போனது.

டர்னிங் செய்த ஷாஃப்ட் கண்ணாடி மாதிரி மின்னினாலும் அதன் மேல் டூல் நகர்ந்து போன தடம் இருக்கும். அந்தத் தடம் வட்டம் வட்டமாக இருக்காது. மிக நெருக்கமான ஒரு மரைபோலச் சுருளாகப் போகும். ஷாஃப்ட் சுற்றும்போது அந்தச் சுருள் ஒரு பம்ப் மாதிரி வேலை செய்கிறது. சுற்றும் திசையைப் பொறுத்து ஒன்று உள்ளே இருக்கிற கிரீஸை வெளியே தள்ளும், இல்லையென்றால் வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். என் மெஷின்களில் இரண்டாவது நடந்தது. கழுவுகிற தண்ணீரும் தேங்காய்ப் பாலும் சீலைத் தாண்டி உள்ளே போய், கிரீஸோடு கலந்து புளித்து, பேரிங் மூன்று மாதத்தில் கத்த ஆரம்பித்தது. நான் சீல் கம்பெனியை மாற்றினேன். இரட்டை உதடு சீல் போட்டேன். ஒன்றும் பலிக்கவில்லை.

தீர்வு என்னவென்றால் அந்த இடத்தைக் கிரைண்டிங் செய்வது. அதிலும் சக்கரம் பக்கவாட்டில் நகராமல் நேராக உள்ளே வந்து தேய்க்கிற பிளஞ்ச் கிரைண்டிங். டிராயிங்கில் "பிளஞ்ச் கிரைண்டிங், சுருள் தடம் கூடாது, ஆர்.ஏ. 0.2 – 0.8" என்று எழுதுகிறேன். ஆர்.ஏ. என்பது மேற்பரப்பின் சொரசொரப்பு, மைக்ரானில். ரொம்பப் பளபளப்பாக இருந்தாலும் ஆகாது, சீலுக்கு எண்ணெய் ஒட்டி நிற்க இடம் வேண்டும்.

வந்த சரக்கில் சுருள் இருக்கிறதா என்று பார்க்க ஒரு தையல் நூல் போதும். ஷாஃப்டைக் கிடைமட்டமாகப் பிடித்து, மெல்லியதாக எண்ணெய் தடவி, நூலை அதன் மேல் தொங்கவிட்டு நுனியில் ஒரு சின்ன நட்டைக் கட்டுங்கள். ஷாஃப்டை மெதுவாக ஒரே பக்கமாகச் சுற்றுங்கள். நூல் இருந்த இடத்திலேயே இருந்தால் நல்லது. ஒரு பக்கமாக நகர்ந்து போய், எதிர்ப்பக்கம் சுற்றினால் திரும்பி வந்தால் சுருள் இருக்கிறது. ஷாஃப்ட் சாய்ந்திருந்தாலும் நூல் நகரும், ஆகவே மட்டம் பார்த்துக்கொள்ளுங்கள். இதை முதன்முதலில் செய்து காட்டியபோது பட்டறைப் பையன்கள் மெஷினை நிறுத்திவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

கிரைண்டிங் என்றதும் இன்னொரு தலைவலி வரும். டர்னிங் செய்பவர் ஒருவர், கிரைண்டிங் செய்பவர் வேறொருவர். அளவு தப்பினால் அவர் இவரைக் காட்டுவார், இவர் அவரைக் காட்டுவார். "டர்னிங்ல மெட்டீரியல் பத்தாம விட்டுட்டாங்க", "கிரைண்டிங்ல சென்டரைக் கெடுத்துட்டாங்க." நடுவில் நான் ஸ்கூட்டியில் அலைவேன். இப்போது டர்னிங் செய்பவரிடமே முழு வேலையையும் ஒப்படைக்கிறேன். அவருக்குப் பழக்கமான கிரைண்டிங் ஆளிடம் அவரே கொடுத்து வாங்கட்டும். கொஞ்சம் கூடக் கேட்பார், கொடுத்துவிடலாம். கிரைண்டிங்குக்கு டயாவில் 0.3 மி.மீ. விடுவது, இரண்டு முனையிலும் சென்டர் துளையைச் சுத்தமாகப் போடுவது எல்லாம் அப்புறம் அவர் கவலை.

ராடு

தேங்காய், உப்பு, தண்ணீர் மூன்றும் படுவதால் எனக்கு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 ரகம் வேண்டும். பட்டறையில் "304 தானுங்க" என்று சொல்லி வருகிற எல்லாமும் 304 இல்லை. காந்தம் ஒட்டவில்லை என்று காட்டுவார்கள். 202 என்ற வேறு ரக எஸ்.எஸ்.ஸிலும் காந்தம் ஒட்டாது! 202-இல் நிக்கல் 4 முதல் 6 சதவீதம், 304-இல் குறைந்தது 8 சதவீதம். நிக்கலைக் குறைத்த இடத்தை மாங்கனீஸை வைத்து நிரப்பியிருப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், பொள்ளாச்சிச் சமையல்கூடத்தில் இரண்டு மாதம் கிடந்தால் தெரிந்துவிடும். அதே போல ராடை இழுத்துத் தயாரித்த விதத்தால் நல்ல 304-இலும் காந்தம் லேசாக ஒட்டலாம். ஆகவே காந்தத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். இரும்புக் கடையில் பேட்டரியோடு வரும் சொட்டு மருந்து வைத்திருப்பார்கள், அது நிறம் மாறுவதை வைத்து 200 வரிசையா என்று ஓரளவு சொல்லிவிடலாம். சந்தேகம் தீர வேண்டுமென்றால் ஒரு துண்டை வெட்டி, அதில் எந்த உலோகம் எவ்வளவு என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ சோதனைக்குக் கொடுக்க வேண்டும். கோவையில் சிட்டார்க் போன்ற சோதனைக் கூடங்கள் இருக்கின்றன.

இப்போது ராடை நானே வாங்கிக் கொடுக்கிறேன். மில் சான்றிதழில் இருக்கிற ஹீட் நம்பரும் (எந்த உருக்கில் வந்தது என்ற எண்) ராடில் இருக்கிற நம்பரும் ஒன்றா என்று பார்ப்பேன், ஒவ்வொரு ராடின் முனையிலும் பச்சை பெயிண்ட் அடிப்பேன். எடைக்கு நம் ஊர் சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: டயாவை மி.மீ.யில் எடுத்து அதையே அதால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு இத்தனை கிலோ. 25 மி.மீ.க்கு 3.86 வரும், எஸ்.எஸ்.ஸுக்கு ஒரு பொட்டு கூட. அறுப்பதற்கும் முகம் எடுப்பதற்கும் சேர்த்து ஒரு ஷாஃப்டுக்கு 265 மி.மீ. வைத்தால் 6 மீட்டர் ராடில் 22 ஷாஃப்ட். இந்தக் கணக்கைச் சலானிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள், பின்னால் "ரெண்டு துண்டு குறையுது" என்ற பேச்சே வராது. வெட்டும்போது விழும் உலோகச் சுருள் யாருக்கு என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். எஸ்.எஸ். சுருளுக்கு நல்ல விலை உண்டு. நான் பட்டறைக்கே விட்டுவிட்டு அதைக் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்வேன்.

கணக்குப் பிள்ளையாக இருந்தவள் என்பதால் ஒன்று சொல்லாமல் விட முடியாது. ஜி.எஸ்.டி. பதிவு இருப்பவர்கள் ஜாப் ஒர்க்குக்கு (நம் மெட்டீரியலில் வெளியே வேலை செய்து வாங்குவதற்கு) அனுப்பும் மெட்டீரியலைச் சலான் போட்டு அனுப்ப வேண்டும், ஒரு வருஷத்துக்குள் திரும்பி வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அனுப்பிய அன்றே அதை நீங்கள் விற்றுவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

உங்கள் சாமானில் தண்ணீரோ சாப்பாடோ படாது என்றால் எஸ்.எஸ். பக்கம் போகாதீர்கள். 304 இழுபறியான உலோகம், டூலைத் தின்னும். வலு வேண்டுமென்றால் ஈ.என்.8, வெறும் பின்னும் ஸ்பேசரும் என்றால் ஈ.என்.1ஏ, இந்த எஃகு ரகங்கள் எல்லாம் வெண்ணெய் மாதிரி வெட்டும். ஆனால் துருப்பிடிக்காமல் இருக்க ஜிங்க் பிளேட்டிங் கொடுத்தால் அதன் கனத்தையும் கணக்கில் சேருங்கள். 8 மைக்ரான் பூச்சு என்றால் டயா 16 மைக்ரான் ஏறும். பூச்சுக்கு முன் அளவா, பின் அளவா என்று டிராயிங்கில் எழுத மறந்தவர்கள்தான் ஷாஃப்டை எமரித் தாளால் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எந்தப் பட்டறை

கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, சின்னவேடம்பட்டி, குறிச்சி சிட்கோ, மலுமிச்சம்பட்டி, அரசூர் என்று கோவையைச் சுற்றி லேத் இல்லாத பக்கம் இல்லை. சிரமம் எல்லாம் இத்தனை பேரில் நமக்கு ஏற்ற ஒருவரைப் பிடிப்பதில்தான். நான் முதல் வருஷம் விலையை வைத்துத் தேடினேன். அடுத்த வருஷம் மெஷினை வைத்துத் தேடினேன், புது சி.என்.சி. இருந்தால் நல்ல பட்டறை என்று. இரண்டுமே சரிவரவில்லை.

சரிவந்தது, என் சாமானைப் போன்ற ஒன்றை ஏற்கெனவே தினமும் ஓட்டுகிற பட்டறையைத் தேடியதுதான். என் ஷாஃப்ட் என்ன? இரண்டு பேரிங், ஒரு சீல், ஒரு கீவே. கோவை பம்ப் ஊர். பம்ப் மோட்டாருக்கு ஷாஃப்ட் ஓட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் தினப்படி வேலை. இரண்டு பேரிங் இடத்தையும் ஒரே பிடியில் ஓட்ட வேண்டும், சாமானைத் திருப்பிப் பிடித்தால் ஒன்றுக்கொன்று மையம் விலகும் என்பதை நான் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பித்தளை நட்டும் நிப்பிளும் ஆயிரக்கணக்கில் ஓட்டுகிற பட்டறை தன் வேலையில் கெட்டிக்காரராக இருக்கலாம். அவரிடம் என் ஷாஃப்டைக் கொடுத்தால் அவருக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். உங்களுக்குப் பித்தளை நிப்பிள் வேண்டுமென்றால் அவரிடம்தான் போக வேண்டும், அதுவும் ஐயாயிரம் பத்தாயிரம் என்றால் டிராப் ஆட்டோமேட்டிக் என்ற தானியங்கி லேத் வைத்திருப்பவரிடம்.

ஆளைக் கண்டுபிடிக்க, ராடு விற்கும் கடையிலும் இன்சர்ட் விற்கும் கடையிலும் கேளுங்கள். யார் நல்ல மெட்டீரியல் வாங்குகிறார், யார் இன்சர்ட்டை உடைத்துக்கொண்டே இருக்கிறார், யார் பாக்கி வைக்கிறார் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

பட்டறைக்குள் போனால் நான் முதலில் பார்ப்பது மைக்ரோமீட்டரை. பெட்டிக்குள் இருக்கிறதா, சுருளுக்குள் கிடக்கிறதா? எனக்கு வேண்டிய அளவின் அகலமே 11 மைக்ரான்தான். அதை 0.02 வெர்னியரால் பார்த்துச் சொல்வது லாரி எடை மேடையில் தாலிக்கொடியை நிறுப்பது போல. ஆயிரத்தில் ஒரு மி.மீ. காட்டும் மைக்ரோமீட்டராவது, அளவு எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் காட்டும் ஸ்னாப் கேஜாவது இருக்க வேண்டும். அடுத்தது, முடிந்த சாமான்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பது. தட்டில் அடுக்கியிருந்தால் உட்காருவேன். கூடையில் கொட்டியிருந்தால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

இதையெல்லாம்விட நல்ல அறிகுறி ஒன்று உண்டு. அந்தப் பெரியவர் என் டிராயிங்கை முதன்முதலில் பார்த்தபோது விலை சொல்லவில்லை. "இது எந்தப் பக்கம் சுத்தும் அம்மிணி?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. பிளேடு தலை மரையில் மாட்டுகிறது. முன்னால் நின்று பார்க்கும்போது ஷாஃப்ட் கடிகாரம் சுற்றும் பக்கமாகச் சுற்றினால், தேங்காய் கொடுக்கிற எதிர்ப்பில் சாதாரண வலது மரை கழன்றுகொண்டே வரும், தலை ஒருநாள் யார் கையிலாவது வந்து விழும் என்றார். என் மோட்டார் அந்தப் பக்கம்தான் சுற்றியது. எம்16 இடது மரை என்று அவரே டிராயிங்கில் திருத்தி எழுதினார். சி.என்.சி.யில் இடது மரைக்குக் கூலி ஒன்றும் ஏறவில்லை. (பிளேடு தலை செய்பவரிடம் இதைச் சொல்ல மறந்து, முதல் லாட் தலை வலது மரையில் வந்தது என் தனிச் சாதனை.) கேள்வியே கேட்காமல் "செஞ்சிரலாங்க" என்று சொல்பவரிடம் இப்போதெல்லாம் நான் கொஞ்சம் யோசிப்பேன்.

விலை பேசுவது

பத்து ஷாஃப்டுக்கு ஒரு விலை, நூறுக்கு வேறு விலை சொன்னால் ஏமாற்றுகிறார் என்று அர்த்தமில்லை. மெஷினுக்கு மணிக்கு 400 ரூபாய், மெஷினைத் தயார் செய்யும் செட்டிங்குக்கு இரண்டு மணி நேரம், ஒரு ஷாஃப்ட் ஓட 9 நிமிடம் என்று வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள். ஓட்டுகிற கூலி ஒன்றுக்கு 60 ரூபாய். செட்டிங் செலவு 800-ஐப் பத்தால் வகுத்தால் 80, நூறால் வகுத்தால் 8. ஆகவே 140-ம் 68-ம். பேரம் பேச இடம் இருப்பது செட்டிங்கில்தான். நான் வருஷத்துக்கு இத்தனை எடுப்பேன், ஒரே தடவையில் ஓட்டி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு தவணையில் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் விலை இறங்கும். "அடுத்த தெருவில் 55-க்குத் தருகிறார்" என்று சொன்னால், 0.8 இன்சர்ட்டை வைத்து வேகமாக ஓட்டி 55-க்கே தருவார்.

முதல் வேலைக்கு அட்வான்ஸ் கொடுங்கள், மிச்சத்தை இழுக்காதீர்கள். சிறு, குறு நிறுவனமாகப் பதிவு செய்த பட்டறைக்கு எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. வருமான வரியிலும், தாமதமாகக் கொடுத்தால் கொடுக்கும் வருஷத்தில்தான் செலவாக எடுத்துக்கொள்ள முடியும். சட்டத்தை விடுங்கள். நேரத்துக்குப் பணம் கொடுப்பவருடைய பத்து பீஸ்தான் மெஷின் காலியாகிற முதல் சந்தில் ஏறும்.

தீபாவளி, பொங்கலுக்கு முன்னால் வேலை கொடுக்காதீர்கள். ஊருக்குப் போகும் ஆட்கள் ரயில் டிக்கெட் எடுத்த நாளிலிருந்தே பட்டறை பாதி காலி. ஆயுத பூஜையன்று மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துப் பொரி கொடுப்பார்கள், போய் வாங்கிச் சாப்பிடலாம், வேலை நடக்காது.

முதல் பீஸ்

முதல் பீஸ் ஓடும்போது நேரில் இருங்கள். பொள்ளாச்சியிலிருந்து கணபதிக்குப் போய்வர எனக்கு அரை நாள் ஆகும், இருந்தும் போகிறேன். பேரிங், சீல், பிளேடு தலை, புல்லி எல்லாம் பையில் இருக்கும்.

மெஷினிலிருந்து எடுத்ததும் அளக்காதீர்கள். வெட்டிய சூடு இருக்கும். 304 நன்றாகவே விரியும் உலோகம்: 17 மி.மீ. டயா 20 டிகிரி கூடுதல் சூட்டில் ஏறத்தாழ 6 மைக்ரான் பெரிதாகக் காட்டும். என் 11 மைக்ரானில் பாதி அதிலேயே போய்விடும். டீ வாங்கி வரச் சொல்லுங்கள், குடித்து முடிப்பதற்குள் ஆறிவிடும். பிறகு அவர் மைக்ரோமீட்டரிலும் உங்களுடையதிலும் ஒரே ஷாஃப்டை அளந்து, இரண்டும் எத்தனை மைக்ரான் வித்தியாசம் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சரக்கு வந்த பிறகு சண்டை வராமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஷாஃப்டை இரண்டு சென்டருக்கு நடுவில் பிடித்து, பேரிங் இடங்களில் டயல் வைத்துச் சுற்றிப் பாருங்கள். முள் எவ்வளவு ஆடலாம் என்பதையும் டிராயிங்கிலேயே எழுதியிருக்க வேண்டும், நான் எழுதுவது 0.03. கீவேயின் ஓரத்திலும் மரையின் தொடக்கத்திலும் விரலை ஓட்டிப் பிசிறு இருக்கிறதா என்று பாருங்கள். பிசிறு எடுப்பது கூலியில் சேர்த்தியா என்றும் இப்போதே கேளுங்கள்.

எல்லாம் சரி என்றால் இரண்டு பீஸ்களில் நீங்களும் அவரும் கையெழுத்துப் போட்ட அட்டையைக் கட்டி, ஒன்று உங்களிடம், ஒன்று பட்டறையில்.

சரக்கு வந்ததும் சிவப்புக் கட்டம் போட்ட மூன்று அளவையும் எல்லாச் ஷாஃப்டிலும் அளக்கிறேன், மற்றவற்றைப் பத்துக்கு ஒன்று. முதல் நாற்பதுக்கு ஒரு முழு நாள் ஆனது, இப்போது இரண்டு மணி நேரம். தப்பு வந்தால் என்ன செய்வது என்பதை முன்பே பேசியிருக்க வேண்டும். அவர் பிழை என்றால் கூலி கிடையாது என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். வீணான ராடுக்கும் பணம் என்றால் பாதிப்பேர் பின்வாங்குவார்கள். நூற்றுக்கு இரண்டு வரை என் கணக்கு, அதற்கு மேல் அவர் கணக்கு என்று பேசி வைத்திருக்கிறேன். ஷாஃப்டுகளை ஒன்றோடொன்று உரசாமல் பிளாஸ்டிக் வலை உறை மாட்டி அனுப்பச் சொல்லுங்கள். கிரைண்டிங் செய்த இடத்தில் ஒரு சின்னத் தட்டு விழுந்தாலும் சீல் ஒழுகும்.

போன மாதம் அறுபது ஷாஃப்ட் சொல்லப் போனபோது, டிராயிங்கைப் புதிதாக அழகாக வரைந்து, பேரிங், சீல் எல்லாவற்றையும் சேர்த்துப் படமாகப் போட்டு எடுத்துப் போனேன். பெரியவர் அதை வாங்கி மடித்து மேஜை டிராயரில் வைத்தார். சுவரில் ஆணியில் அட்டையோடு தொங்கிக்கொண்டிருந்த பழைய ஷாஃப்டை இறக்கி மெஷின் பையனிடம் கொடுத்தார். டிராயிங்கைப் பார்க்க மாட்டீர்களா என்று கேட்டேன்.

"அதையும் பாக்கறனுங்க. இது அதவிட வெவரமா இருக்குது, அம்மிணி."